ஹேதியின் அண்ணன் மகள்

மெல்கியோரா ஜாக்கலோனே காலை ரயிலில் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாள். முன் பெட்டிகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். அவர்களில் ஒன்றிரண்டு பேர் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்களாக இருக்கக்கூடும். அவர்களை வெளியில் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. தெரியாததுபோல் நடிக்கவும் அவளுக்கு வராது. அதனால் கடைசிப் பெட்டி.

அவள் குடியிருக்கிற மீன்பிடி ஊர் மட்சாராவில் கிளம்பி, மர்சாலாவைத் தாண்டி, உப்பளங்களை ஒட்டி ஊர்ந்து த்ராபனி போய்ச் சேருகிற வண்டி அது. அங்கே துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்கு வேலை. கடல் தாண்டி வந்து புகலிடம் கேட்கிறவர்களை உட்காரவைத்துப் பேச வேண்டும். அவர்கள் சொல்வதை நம்பலாமா, திருப்பி அனுப்பினால் அவர்களுக்கு என்ன நேரும் என்று பார்த்து எழுத வேண்டும். பெரியவர்களை விசாரிக்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். துணைக்கு யாரும் இல்லாமல் வந்த பிள்ளைகளின் கோப்புகள் மட்டும் எப்படியோ இவள் மேசைக்கே வந்து சேர்ந்தன. யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகாமல் போனதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில், காத்திருப்பதாகச் சொன்னவன் பலெர்மோவில் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். அம்மா போன பிறகு வீடு அவளுக்கு வந்தது. கால்வாயைப் பார்த்த சின்ன வீடு. மாலையில் படகுகள் உள்ளே வரும்போது டீசல் வாடை சமையலறை வரைக்கும் வரும். அந்த வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, அரிந்த வெங்காயத்தோடு ஒரு தக்காளியை வதக்கி, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுவாள். பகல் முழுக்கக் கேட்டதை யாரிடமும் சொல்ல முடியாது. சட்டமும் அப்படி, மனசும் அப்படி. வேறு எதைப் பற்றியும் பேச அவளுக்கு நாக்கு எழுவதில்லை. இப்படியே ஆள் பேச்சுக் குறைந்து போனாள்.

ஒரு தடவை மீன் சந்தையில் வண்டி தள்ளிக்கொண்டிருந்த காம்பியாக்காரப் பையன் ஒருவன் அவளைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்று வழிவிட்டு நின்றான். அவனுக்குப் புகலிடம் இல்லை என்று எழுதியவள் அவள்தான். அவன் முகத்தில் வருத்தமோ கோபமோ தெரியவில்லை. ஒரு மரியாதை மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவள் சந்தைக்குப் போவதை விட்டுவிட்டாள். மீன் வேண்டுமென்றால் அண்ணன் பார்த்தோலோ கொடுத்தனுப்புவான்.

பார்த்தோலோவுக்கு இழுவலை போடும் மீன்பிடிப் படகு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவன் வீட்டில்தான் என்பது அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம். அந்த மேசையில் இன்னொரு ஆளும் தவறாமல் இருப்பார்: ஹேதி. துனிசியாவின் மஹ்தியா ஊர்க்காரர், படகின் எஞ்சின் மெக்கானிக். இருபது வயதுக்குள் மட்சாராவுக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். ஒரு புயல் நாளில் இரும்பு வடம் அறுந்து பார்த்தோலோவைக் கடலுக்குள் அடித்துத் தள்ளியபோது, கூடவே குதித்து முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அதனால் அவரை அந்த வீட்டில் வேற்றாள் என்று யாரும் நினைப்பதில்லை.

அண்ணி என்சா ஞாயிறுதோறும் கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்து, மீன் குழம்பு ஊற்றிக் கூஸ்கூஸ் செய்வாள். தட்டை வாங்கிய உடனே ஹேதி முகத்தைச் சுளிப்பார்.

"இதுல காரமே இல்லையேம்மா. ஆஸ்பத்திரியில போடுற கஞ்சி மாதிரி இருக்கு."

"போன வாரம் இதே கஞ்சிய மூணு தட்டு சாப்பிட்டது யாரு அண்ணே?" என்பாள் என்சா.

"பசியில சாப்பிட்டேன். பிடிச்சு சாப்பிட்டேன்னு நினைச்சுக்காதே."

மெல்கியோரா வாரத்தில் ஒரு முறை வாய்விட்டுச் சிரிப்பது அந்த மேசையில்தான். அவளிடம் அங்கே வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஹேதி மட்டும் எப்போதாவது, "என்ன தங்கச்சி, ரொம்ப மெலிஞ்சுட்ட. அந்த ஆபீஸ் உன்னத் தின்னுது" என்பார்.

பிப்ரவரியில், தென்காற்று சுழன்றடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், ஷைமாவின் கோப்பு வந்தது. பதினாலு வயது. மஹ்தியா. ஆண் பிள்ளைகள் நிறைந்த ஒரு படகில், முடியைக் கத்தரித்துக்கொண்டு, ஆண்கள் போடுகிற பெரிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கியிருந்தாள். மர்சாலாவுக்கு வெளியே பெண் பிள்ளைகள் விடுதி ஒன்றில் வைத்திருந்தார்கள். நீதிமன்றம் அவளுக்குக் காப்பாளராக நியமித்தது நுன்சியா என்ற மருந்துக்கடைக்காரியை. தானாக முன்வந்து அந்தப் பொறுப்பை ஏற்றவள். நல்ல மனசு, கொஞ்சம் படபடப்பு.

முதல் நாள் ஷைமா ஒன்றுமே சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: "படிக்க வந்தேன்." பலெர்மோவிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் நூரா அதை ஒவ்வொரு தடவையும் அதே குரலில் திருப்பிச் சொன்னாள். படிக்க வந்தேன் என்பதற்குப் புகலிடம் கிடையாது. அதை மட்டும் வைத்து எழுதினால் முடிவு அரைப் பக்கத்தில் வந்துவிடும். மெல்கியோரா எழுதவில்லை. இன்னொரு நாள் குறித்தாள்.

வெளியே போகும்போது நுன்சியா அவள் கையைப் பிடித்தாள். "மேடம், அவ ராத்திரி ஹீட்டர் பக்கத்துலதான் படுக்குறாளாம். கட்டில்ல படுக்க மாட்டேங்குறாளாம். அதை எழுதிக்குவீங்களா?"

"அதை அவளே சொல்லணும் நுன்சியா."

"சொல்லலேன்னா?"

மெல்கியோரா கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சொல்லாமலே போன பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய முகங்கள் பேசியவர்களின் முகங்களைவிட நன்றாக ஞாபகம் இருந்தன.

இரண்டாம் தடவை மேசையில் டீ வைத்தாள். காகிதக் கோப்பையில் ஊற்றிய கொதிக்கிற டீ. நூரா விளிம்பைத் தொட்டுவிட்டு வைத்தாள். நுன்சியா ஊதினாள். ஷைமா மட்டும் வலது கை விரல்களால் கோப்பையைச் சுற்றிப் பிடித்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். மெல்கியோரா அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் எங்கே, எப்படிப் போவாய், வழியில் என்ன இருக்கும் என்று சாதாரணமாகவே பேச்சை நடத்தினாள். தங்கை ரீம் பற்றிக் கேட்டபோது பெண்ணின் முகம் இளகியது. ரீமுக்கு முன் பல் இரண்டும் விழுந்திருக்கிறது, 'ஸ' வராது, அவள் பேசினால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும் என்றாள்.

"இங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"சித்தப்பா இருக்காரு. மட்சாராவுல. மீன் படகுல எஞ்சின் பாக்குறாரு. பேரு ஹேதி."

மெல்கியோராவின் பேனா நின்றது.

மட்சாராவில் மஹ்தியாக்காரர்கள் நிறையப் பேர். ஹேதி என்ற பெயரும் அரிதல்ல. ஆனால் படகின் பெயரைக் கேட்டபோது பெண் தயங்காமல் சொன்னாள். அது பார்த்தோலோவின் படகு.

"ஒரு நிமிஷம் வந்துடறேன்" என்று எழுந்தாள் மெல்கியோரா. சட்டென்று எழுந்தது தப்பு என்று கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

அலுவலகத் தலைவி முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "உனக்கு அவரு ரத்த சொந்தம் இல்ல. சட்டப்படி நீ விலக வேண்டியதில்ல. ஆனா இதைப் பதிவு பண்ணு. நீ எழுதறத நானும் படிப்பேன். உக்கார முடியும்னா உக்காரு. முடியலேன்னா சொல்லு, ஆளை மாத்தறேன்."

திரும்பி அறைக்குள் வந்தபோது டீ அப்படியே இருந்தது. பெண் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தாள். முகம் சுவர் மாதிரி ஆகியிருந்தது. சித்தப்பாவுக்குப் போன் போடத்தான் இந்த அம்மாள் எழுந்து போனாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டது மெல்கியோராவுக்குப் புரிந்தது. கேள்வி கேட்டாள், தலை அசையவில்லை. நூரா உதட்டைப் பிதுக்கினாள்.

மெல்கியோரா பேனாவை மூடி வைத்தாள். "ஷைமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க சித்தப்பாவை எனக்குத் தெரியும். எங்க அண்ணன் படகுலதான் வேலை பாக்குறாரு. ஞாயித்துக்கிழமை எங்களோடதான் சாப்பிடுவாரு. இப்ப நான் எழுந்து போனது, இதை என் மேலதிகாரிகிட்ட சொல்றதுக்கு. அவருக்கு நான் போன் பண்ணல. பண்ணவும் மாட்டேன். நீ இங்க வந்தேன்னுகூட அவருகிட்ட சொல்ல மாட்டேன். நான் வேணாம்னு உனக்குத் தோணுச்சுன்னா, வேற ஒருத்தங்க இந்த நாற்காலியில உக்காருவாங்க. நீ வேணாம்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நூரா சொல்லி முடித்தாள். வெளியே காற்றில் ஏதோ ஒரு தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

"அவரு உங்க வீட்டுல நிறைய சாப்பிடுவாரா?" என்று கேட்டாள் ஷைமா.

"மூணு தட்டு. குறை சொல்லிக்கிட்டே."

பெண்ணின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. "எங்க வீட்டுலயும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாரு. அம்மாவ நொட்டை சொல்லிக்கிட்டே சட்டிய காலி பண்ணுவாரு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்களே இருங்க. அவரைத் தெரியாதவங்கன்னா அவரும் கெட்டவருன்னு எழுதிடுவாங்க. அவரு கெட்டவரு இல்ல. ஆனா நான் அவர்கிட்ட போயிருந்தா என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டிருப்பாரு. எங்க அப்பா சொன்னா அவருக்கு வேற பேச்சு இல்ல."

அதற்குப் பிறகு அவள் பேசினாள்.

அப்பாவுக்கு மஹ்தியா துறைமுகத்தில் மீன் வைக்கிற குளிர்க்கிடங்கில் மேலாளர் வேலை. ஊரில் நல்ல பெயர். குடி கிடையாது, கத்த மாட்டார். பள்ளியிலிருந்து நேரம் கழித்து வந்தால், எதிர்த்துப் பேசினால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார். சாத்திவிட்டு எதிர்க் கடையில் காப்பி குடிக்கப் போவார்.

"திறக்கும்போது என்ன சொல்லுவாரு?"

"வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட சூடா ஏதாவது வாங்கிக் குடின்னு சொல்லுவாரு. கோவமே இருக்காது. கோவம் இருந்தா பரவால்ல."

நுன்சியா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெல்கியோரா அவளைப் பார்க்காமல் அடுத்ததைக் கேட்டாள்.

கடைசித் தடவை, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையன் அவளோடு பேசியதை யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அவர் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வரவில்லை. விடியற்காலையில் பெட்டி ஏற்ற வந்த கூலி ஆள்தான் கதவைத் திறந்தான். ஆஸ்பத்திரியில், பிள்ளை விளையாடப் போய் மாட்டிக்கொண்டது என்றார் அப்பா. வலது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. குணமான பிறகு அவள் தனியாகப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் அவளுக்குப் பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் சிரித்துப் பேசினார்கள். வரும் வழியில் அப்பா தேன் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். வீட்டு வாசலில், "அடுத்த தடவை காலையில பெட்டி ஏத்த யாரும் வர மாட்டாங்க" என்று சொன்னார். படகுக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா தன் வளையலைக் கழற்றிக் கையில் திணித்தது அந்த வாரம்தான்.

"அப்பா உன்கிட்ட பிரியமா இருந்தது உண்டா?" மெல்கியோரா இதை எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பாள்.

ஷைமா உடனே தலையாட்டினாள். நீந்தக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அத்திப்பழக் காலத்தில் விடியற்காலையில் எழுந்து போய், வெடித்த பழமாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு வருவார். "அத்திப்பழம்னா இப்பவும் அவரு ஞாபகம்தான் வருது" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். ஐஸ் அறையைச் சொல்லும்போது அழவில்லை.

பொய் சொல்ல வந்தவர்கள் ஆளை முழுக்க அரக்கனாக்கிவிடுவார்கள் என்பதை மெல்கியோரா பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள். இந்தப் பெண் தன் அப்பாவை அப்பாவாகவே விட்டுவைத்திருந்தாள். இருந்தாலும் மனசு நம்பியது போதாது. விரல்களைச் சோதித்து எழுதித் தர ஒரு நரம்பு மருத்துவரிடம் அனுப்பினாள். அந்த ஊரில் இப்படிப் புகார் கொடுக்கப் போகும் பிள்ளைகளைப் போலீஸ் என்ன செய்கிறது என்று கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தாள். எல்லாம் வந்து சேர வாரங்கள் ஆயின.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேதி தட்டைக் குறை சொல்லவில்லை. என்சா பரிமாறியதை மௌனமாகக் கிளறிக்கொண்டிருந்தார். காப்பி வந்த பிறகு மெல்கியோரா பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு வீட்டை விட்டு ஓடி வந்துட்டா. இந்தப் பக்கம்தான் எங்கயோ இருக்காளாம். அண்ணன் தினமும் போன்ல அழுவுறாரு. நீ அந்த ஆபீஸ்ல இருக்க. அவ எங்க இருக்கான்னு கேக்கல. உசுரோட நல்லா இருக்காளா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

மெல்கியோரா கோப்பையைக் கீழே வைத்தாள். அவர் கண் சிவந்திருந்தது. ஆம் என்று ஒரு சொல், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல் அன்று மாலையே மஹ்தியாவுக்குப் போய்விடும். பெண் த்ராபனி பக்கம் இருக்கிறாள், விசாரணை மேசை வரைக்கும் வந்துவிட்டாள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

"என் வேலையில நான் எதுவும் சொல்ல முடியாது அண்ணே. அந்தப் பொண்ணு அங்க வந்தாளா இல்லையான்னுகூட."

"நான் வேற ஆளா தங்கச்சி?"

"இல்ல அண்ணே."

பார்த்தோலோ அதுவரை ரொட்டித் துணுக்குகளை விரலால் கூட்டிக்கொண்டிருந்தான். "மெல்கி, இந்த மனுஷன் குதிக்கலேன்னா உனக்கு அண்ணன் இல்ல. அது ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணா."

"ஒரு வார்த்தை கேக்குறாரு. முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்" என்றாள்.

ஹேதி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "விடு பார்த்தோலோ. அவ ஆபீஸ்காரி. நான்தான் மறந்துட்டேன்" என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட மனிதனின் கூடப் பிறந்தவன் பிள்ளையை ஐஸில் வைத்துப் பூட்டுவானா? பெண் எதையாவது கூட்டிச் சொல்லியிருந்தால்? வீட்டில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்து யோசித்தாள். தம்பி நல்லவன் என்பது அண்ணனைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. தன் அண்ணனும் தானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, இருவரில் ஒருவரைப் பார்த்து இன்னொருவரை யாரால் கணிக்க முடியும் என்று நினைத்தபடி கடைசியில் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

ஏப்ரலில் முடிவை எழுதினாள். விரல்களைப் பற்றி மருத்துவர் எழுதியிருந்தது பெண் சொன்னதோடு ஒத்துப்போனது. தலைவி படித்தாள், ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஷைமாவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. நுன்சியா போனில் அழுதாள், நன்றி சொன்னாள். பிறகு பெண்ணை வடக்கே ஃபெராரா பக்கம் ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டதாகக் கோப்பில் ஒரு குறிப்பு வந்தது. கோப்பு கீழே பழைய கோப்புகள் வைக்கிற அறைக்குப் போனது. அந்தக் குடும்பத்தில் ஷைமாவுக்குக் கட்டில் பழகியதா, கூடப் படிக்கிற பிள்ளைகள் சேர்த்துக்கொண்டார்களா என்று மெல்கியோராவுக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் கூடாது. அவள் பார்த்த எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் போனார்கள். கதையின் மோசமான பாதி மட்டும் அவளிடம் தங்கிவிடும்.

பெண் தன் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மட்சாராக்கார அம்மாள் ஒருத்தி, சித்தப்பாவைத் தெரிந்தவள், அவள்தான் காகிதம் கொடுத்தாள் என்று. அது அப்பா காதுக்குப் போய், அங்கிருந்து ஹேதிக்கு வந்து, படகு முழுக்கப் பரவியது. பார்த்தோலோ தங்கைக்குப் போன் போட்டான்.

"அப்ப நீ அன்னைக்கு அவர் எதிர்க்க உக்காந்து காப்பி குடிச்சப்பவே அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்."

"ஆமாண்ணா."

"அவரோட அண்ணனைக் கொடுமைக்காரன்னு எழுதி முத்திரை குத்திட்ட."

"என்ன எழுதினேன்னு உன்கிட்ட சொல்ல முடியாது."

"சொல்லாத. ஞாயித்துக்கிழமை வராத. வந்தா அவரு வர மாட்டாரு. அவரு வராத மேசை எனக்கு வேணாம்."

அந்தக் கோடையில் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் செய்யத் தெரியாமல் இருந்தாள். கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருவாள். கோயில் பூசைக்குப் போனால் பக்கத்து வரிசையில் என்சா இருப்பாள். தலையை மட்டும் ஆட்டுவாள், புருஷன் திரும்பிப் பார்ப்பதற்குள் முன்னால் திரும்பிக்கொள்வாள். ஊரின் காவல் புனிதர் சான் வீத்தோவின் திருவிழா ஊர்வலம் அவள் வீட்டுக்குக் கீழேதான் போனது. மேலே நின்று பார்த்தாள். கூட்டத்தில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மீன்பிடி தடைக்காலத்தில் படகுகளைக் கட்டிப்போட்டவுடன் ஹேதி வழக்கம்போல் மஹ்தியாவுக்குப் போனார். படகுகள் மறுபடி கடலுக்குக் கிளம்புகிற வாரத்தில் திரும்பி வந்தார். ஒரு மாலை மெல்கியோரா ரயிலை விட்டு இறங்கியபோது நடைமேடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், ஆள் வற்றிப்போயிருந்தார்.

"உக்காரு தங்கச்சி" என்றார். அவள் உட்கார்ந்தாள். "நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்ல வேணாம். நான் சொல்றத மட்டும் கேளு."

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா கயித்தால கட்டிப் போட்டு அடிப்பாரு. அதுக்குப் பயந்துதான் நான் இங்க ஓடி வந்தேன். அண்ணன் அங்கயே இருந்து எல்லா அடியையும் வாங்கினாரு. அதனால அவரு என்ன சொன்னாலும் எனக்கு வேதம். நான் தப்பிச்சவன், அவரு மாட்டிக்கிட்டவரு. இந்தத் தடவை அங்க போயிருந்தப்ப, சின்னது, ரீம், ஒரு தட்டைக் கை தவறிப் போட்டு உடைச்சுடுச்சு. அண்ணன் ஒண்ணுமே சொல்லல. எழுந்து செருப்பை மாட்டுனாரு. அவ்வளவுதான். அந்தக் குழந்தை தானாப் போயி தன்னோட ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கிச்சு. ஆகஸ்ட் மாசத்து வெயில்ல."

ஒரு சரக்கு எஞ்சின் தனியாக ஓடிப் போயிற்று.

"அன்னைக்கு வாசல்ல நான் குறுக்க நின்னேன். பிறந்ததுலேருந்து அவருக்கு எதிர்ல நின்னதில்ல. மறுநாள் அண்ணியையும் குழந்தையையும் அண்ணியோட அப்பா ஊருல கொண்டுபோய் விட்டுட்டேன். அங்கயே ஒரு அறை பிடிச்சிருக்கேன். நான் பக்கத்துல இருந்தாத்தான் அவரு அந்தப் பக்கம் வர மாட்டாரு. இங்க சாமான் எடுக்க வந்தேன். பார்த்தோலோகிட்ட முட்டி வலி, கடல் போதும்னு சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே அண்ணே."

"அவன் நல்லவன். ஆனா அவன் வாயில ஒண்ணு விழுந்தா நாளைக்குக் கப்பல் துறை முழுக்கத் தெரியும். மஹ்தியாவுக்கும் போகும். எங்க குடும்பத்து மானம் போகட்டும், அந்தப் பிள்ளைங்க ரெண்டையும் ஊரு என்னன்னு பாக்கும்? நீயும் சொல்லாத தங்கச்சி. உன்கிட்ட கேட்டா நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "அன்னைக்கு உன் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு."

"தெரியும் அண்ணே."

அவர் எழுந்து அவள் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டுப் போனார். வாரக் கடைசிக் கப்பலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டாள்.

பார்த்தோலோவுக்குப் புது மெக்கானிக் சரிப்படவில்லை. ஒருவன் குடித்தான், இன்னொருவன் கடல் கொந்தளித்தால் வாந்தி எடுத்தான். ஹேதி ஏன் போனார் என்று யாராவது கேட்டால், "என் தங்கச்சியக் கேளு" என்பான். கப்பல் துறையில் எல்லோரும் அதை நம்பினார்கள். அவள் காதுக்கும் வந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் அண்ணன் அவளை அன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைப்பான். அந்த வாக்கியம் அவளுக்குச் சொந்தமானது அல்ல. கிறிஸ்துமஸ் அன்றைக்கு என்சா பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு பாத்திரத்தில் அத்திப்பழப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றாளாம். மெல்கியோரா பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அதே அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தாள். பலகாரத்தில் பாதியை அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள்.

வேலை குறையவில்லை. ஐவரி கோஸ்டிலிருந்து வந்த இரண்டு சிறுமிகள், எகிப்திலிருந்து ஒரு பையன், நைஜீரியாவிலிருந்து தன் வயது தெரியாத ஒருத்தி. டீ வைத்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியைக் கேட்டாள், பிரியமாக இருந்தது உண்டா என்று கேட்டாள். சிலருக்குக் கொடுத்தாள், சிலருக்கு இல்லை என்று எழுதினாள். இல்லை என்று எழுதிய நாட்களில் இரவு வீட்டுக்கு வந்தால் யாராவது கதவைத் தட்டமாட்டார்களா என்று இருக்கும். யாரும் தட்ட மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஈஸ்டருக்கு முன்னால் அவள் வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்துக் கீழ்வீட்டுச் சுவரெல்லாம் நனைந்தது. கீழ்வீட்டுக்காரர் அவளைக் கேட்காமல் பார்த்தோலோவுக்குப் போன் போட்டுவிட்டார். அவன் கருவிப்பெட்டியோடு படியேறி வந்தான். ஒன்றும் பேசாமல் முழங்கால் போட்டு உட்கார்ந்து குழாயை அறுத்தான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தலை உச்சியில் முடி வெகுவாகக் கொட்டிப்போயிருந்தது.

"இந்தக் குழாய் அப்பா போட்டது. இத்தனை நாள் தாங்கினதே பெருசு" என்றான்.

"ஆமாண்ணா."

"துணியக் கொடு."

கொடுத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை மூடிக்கொண்டு, வாசலில் நின்றான்.

"என்சா உன்னக் கேட்டா. ஞாயித்துக்கிழமை வா."

போனாள். மேசை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு நாற்காலி சுவர் ஓரம் போயிருந்தது. ஈஸ்டர் ஆட்டுக்கறியைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசினார்கள். பார்த்தோலோ ஒயினை ஊற்றிக்கொண்டே அவளைப் பார்க்காமல் சொன்னான்:

"ஒண்ணு சொல்லிடறேன் மெல்கி. உன் வேலைப் பேச்சு இந்த மேசைக்கு வரக் கூடாது."

"நான் எப்பவும் பேசினதில்லையேண்ணா."

அவன் ஒயின் குப்பியைக் கையில் வைத்தபடி யோசித்தான். "ஆமா," என்றான். "பேசினதே இல்ல."

என்சா அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.